‘பணம் செலுத்து’ பட்டன்: நிறமா, அளவா, இடைவெளியா, அசைவா?

டிக்கெட் முன்பதிவுச் செயலியின் கடைசித் திரையை எடுத்துக்கொள்வோம். பயண விவரம், கட்டணக் கணக்கு, கூப்பன் பெட்டி, ‘திருத்து’, ‘ரத்து செய்’ எல்லாம் அதில் இருக்கும். இத்தனைக்கும் நடுவே ‘பணம் செலுத்து’ உடனே கண்ணில் பட வேண்டும்.

எல்லோரும் முதலில் கைவைப்பது நிறத்தில்தான். செலவில்லாத வழி, பலனும் உண்டு, ஆனால் அந்த நிறம் திரையில் வேறெங்கும் இல்லாதவரைக்கும்தான். லோகோ ஆரஞ்சு, கூப்பன் பட்டையும் ஆரஞ்சு என்றால் ஆரஞ்சு பட்டன் கூட்டத்தில் கரைந்துவிடும். அடுத்த சிக்கல் எழுத்து. சிவப்பு 255, பச்சை 102, நீலம் 0 என்ற ஆரஞ்சின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 2.9:1தான் வரும். இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்லும் டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறை சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5:1. அதே ஆரஞ்சில் கறுப்பு எழுத்து 7:1ஐத் தாண்டும். டிசைனர்கள் முகம் சுளிப்பார்கள். உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று போனைப் பார்ப்பவர் சுளிக்கமாட்டார். ‘செலுத்து’ பச்சை, ‘ரத்து’ சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பிப் பிரிப்பதும் ஆபத்து: நிறக்குறைபாடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம்.

அளவைக் கூட்டுவதற்கு எல்லை உண்டு. விரல் தொடும் இடத்துக்கு ஆப்பிள் சொல்லும் குறைந்தபட்சம் 44 பாயின்ட், கூகுளின் வடிவமைப்பு நெறிமுறையான மெட்டீரியல் டிசைன் சொல்வது 48 டிபி (பாயின்ட், டிபி இரண்டும் அந்தந்தப் போன்களின் திரை அளவு அலகுகள்). பெரிய இலக்கை விரல் சீக்கிரம் எட்டும் என்பது 1954இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் காட்டிய விதி. அது எட்டுவதைப் பற்றியது, கவனிப்பதைப் பற்றியதல்ல. அளவு மீறிய வண்ணப் பட்டை விளம்பரம் மாதிரித் தெரிந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். பென்வே, லேன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் ‘பேனர் குருட்டுத்தனம்’ என்று பெயரிட்டது இதைத்தான். தமிழ் இடைமுகத்தில் இன்னொரு வம்பு: ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் முடிவது தமிழில் இரண்டு சொல்லாகும். பட்டனுக்கு நிலையான அகலம் கொடுத்தால் வாசகம் வெட்டுப்படும். வாசகத்துக்கும் பட்டன் ஓரத்துக்கும் நடுவே பக்கத்துக்கு 16 முதல் 24 பிக்சல் இடம் விட்டு, அகலத்தை வாசகமே தீர்மானிக்க விடுங்கள். வரி உயரம் எழுத்தளவின் 1.4 மடங்குக்குக் குறைந்தால் ‘ழு’, ‘கூ’ போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி நறுக்கப்படலாம்.

திரையின் அடியில் ஒட்டி நிற்கும் பட்டன் ஸ்க்ரோல் செய்தாலும் மறையாது. ஆனால் கடைசி வரியை மூடிவிடும். அந்தப் பட்டனின் உயரம் எவ்வளவோ அவ்வளவு காலி இடம் பக்கத்தின் அடியில் வேண்டும். ஹோம் பட்டன் இல்லாத ஐபோன்களில் கீழே 34 பாயின்ட் ஒதுக்க வேண்டும். கீபோர்டு திறக்கும்போது பட்டன் எங்கே போகிறது என்றும் பாருங்கள்.

அசைவு எல்லாவற்றையும்விட வலுவாக இழுக்கும். அதுவே அதன் குற்றம். கடைக்கண் அசைவை உடனே பிடித்துவிடுவதால், கட்டணத்தைச் சரிபார்ப்பவரின் கண் பாதியிலேயே பிடுங்கப்படும். தானாகத் தொடங்கி 5 வினாடிக்கு மேல் நீளும் அசைவுக்கு நிறுத்தும் வசதி வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. அசைவு வேண்டியே தீரும் என்றால், படிவம் நிரம்பிய பிறகு, பட்டன் 1.04 மடங்கு வரை பெரிதாகட்டும், 300 மில்லிவினாடி வீதம், இரண்டே முறை. அகல உயரத்தை மாற்றாமல், தோற்றத்தை மட்டும் பெரிதாக்கும் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற சி.எஸ்.எஸ். கட்டளை வழியாகச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமிலும் பிரௌசர் பக்க அமைப்பை மறுபடி கணக்கிடும், பழைய போன் திணறும். போனில் அசைவைக் குறைக்கச் சொல்லி வைத்திருப்பவருக்கு அதுவும் வேண்டாம்.

எங்கள் கட்சி இடைவெளிதான். ‘ரத்து செய்’ என்பதை வெறும் எழுத்தாக்கி, ‘திருத்து’ என்பதை மெல்லிய கோட்டுப் பட்டனாக்கி, முக்கியப் பட்டனைச் சுற்றி 24 முதல் 32 பிக்சல் காலி விட்டாலே பாதி வேலை முடிந்தது. நிறம் அதற்கு மேல். சின்னத் திரையில் இந்த இடைவெளி பட்டனைக் கீழே தள்ளினால் மட்டும் அடியில் ஒட்டுங்கள்.

சரிபார்க்க, ஸ்க்ரீன்ஷாட்டை 8 முதல் 10 பிக்சல் மங்கலாக்கிப் பாருங்கள். முதலில் தெரிவது கூப்பன் பெட்டி என்றால் பட்டனைத் தொடாதீர்கள். கூப்பனின் நிறத்தைக் குறையுங்கள்.