கோரிப்பாளையம் லாஜிக்கல் ரீசனிங் வகுப்பு: ஒரு மதிப்பீடு

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கணக்குக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் தெரிந்த மாதிரி தோன்றி மதிப்பெண்ணைப் பறிப்பவை ‘இப்படி இருந்தால் அப்படி இருக்கும்’ என்ற வகைக் கேள்விகளே. யூ.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வின் சி-சாட் எனும் திறனறித் தாளில் 80 கேள்விகளுக்கு 200 மதிப்பெண். 33 சதவீதம் எடுத்தால்தான் தகுதி. ஒவ்வொரு தவறான விடைக்கும் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும். அதனால்தான் இந்தப் பகுதிக்கென்றே மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு சிறிய மையம் நடத்தும் வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன்.

ஆங்கிலேய உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் வெளியிட்ட அட்டைப் புதிரைத் தமிழுக்கு மாற்றி, ‘அ’, ‘க’, ‘4’, ‘7’ என்ற நான்கு அட்டைகளை ஆசிரியர் முதல் வகுப்பில் பலகையில் ஒட்டினார். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்ற விதியைச் சோதிக்க எவற்றைத் திருப்ப வேண்டும் என்று கேட்டபோது, பெரும்பாலோர் ‘அ’வையும் ‘4’ஐயும் சொன்னார்கள். ‘4’-இன் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதிக்குக் குறையில்லை; ‘7’-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தாலோ விதி பொய்யாகிவிடும். எனவே திருப்ப வேண்டியவை ‘அ’வும் ‘7’உம்தான். கான்ட்ரபாசிடிவ், அதாவது ‘இப்படி இருந்தால் அப்படி இருக்கும்’ என்பதை ‘அப்படி இல்லையென்றால் இப்படியும் இல்லை’ என்று திருப்பிப் பார்ப்பது, ஏன் தேவை என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கற்கவில்லை.

அடுத்து வந்தது நம்மூர் எடுத்துக்காட்டு. கள்ளழகர் வைகையில் இறங்கும் நாள் என்றால் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. விடுமுறை இல்லை என்றால் அது அழகர் இறங்கும் நாள் இல்லை என்பது சரி. விடுமுறை என்பதாலேயே அழகர் இறங்குகிறார் என்பது தவறு. ‘ஹால் டிக்கெட் இருந்தால் மட்டுமே தேர்வறைக்குள் அனுமதி’ என்ற வாக்கியத்தையும் இதே பொறுமையுடன் பிரித்துக் காட்டினார்: உள்ளே இருப்பவரிடம் ஹால் டிக்கெட் உண்டு என்று சொல்லலாம், ஹால் டிக்கெட் வைத்திருப்பவர் எல்லாரும் உள்ளே இருக்கிறார் என்று சொல்ல முடியாது.

குறை பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. ‘விண்ணப்பமும் கட்டணமும் சேர்ந்தால் ஹால் டிக்கெட் வரும்’ என்ற கேள்விக்கு, ஹால் டிக்கெட் வராவிட்டால் இரண்டுமே சேரவில்லை என்று விடைக்குறிப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டில் ஒன்றாவது சேரவில்லை என்பதே சரி. இந்த இடத்தில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பதால் இதைச் சாதாரண அச்சுப்பிழையாக விட எனக்கு மனமில்லை. ‘சிலர்’ என்று தொடங்கும் கூற்றுகளுக்கு இந்தக் கான்ட்ரபாசிடிவ் முறை பொருந்தாது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டார்கள். அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

வாங்கும் கட்டணம் நியாயமானது, சொல்லித்தருவது தமிழில், கேட்ட சந்தேகத்தை ஆசிரியர் ஒருபோதும் தட்டிக்கழிப்பதில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு சி-சாட்டுக்கோ வங்கித் தேர்வுக்கோ தயாராகும் யாரும் தயங்காமல் சேரலாம். விடைக்குறிப்பை மட்டும் அடுத்த பேட்ச் தொடங்கும் முன் மையத்தார் திருத்திவிட வேண்டும்.