ஊசியா, ஆபரேஷனா: கருக்குழாயில் கரு தங்கியபோது

என் தங்கைக்கு நாள் தள்ளிப்போய்ப் பத்தாவது நாள் கார்டில் இரண்டு கோடு விழுந்தது. அடுத்த வாரமே டிக்காஷன் நிறத்தில் கறை. இடது அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி. தாமதமாக வந்த மாதவிலக்குதான், கோடு பொய் என்றார்கள் வீட்டில். ஸ்கேனில் கருப்பை காலியாக இருந்தது. இடது கருக்குழாயில் 2 சென்டிமீட்டர் அளவில் ஒரு திரட்சி. ஊசி போடலாம், அல்லது ஆபரேஷன் செய்யலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் சுமார் நான்கில் ஒருவருக்குக் கறை படுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கரு கருப்பையில்தான் இருக்கும். 100 கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோதான் இப்படி வெளியே தங்குபவை. அவற்றிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் கருக்குழாயில். ஆனால் எத்தனை நாப்கின் நனைந்தது என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. வெளியே சொட்டுச் சொட்டாக வரும்போதே குழாய் வெடித்து வயிற்றுக்குள் லிட்டர் கணக்கில் இரத்தம் தேங்கலாம். அந்த இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானத்தை உறுத்தும்போது தோள்பட்டை முனையில் வலிக்கும். தோள் வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் ஒப்பீட்டுக்கெல்லாம் நேரமில்லை. 108-ஐ அழைக்க வேண்டியதுதான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் இதில் விலக்கல்ல. அதற்குப் பிறகும் அபூர்வமாகக் கர்ப்பம் தரித்தால், அது குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

குழாயில் தங்கியதை எடுத்துக் கருப்பையில் வைக்க எந்த வைத்தியமும் கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் ஸ்கேன் பார்க்காமல் வாங்கும் கருக்கலைப்பு மாத்திரை இந்தக் கருவை ஒன்றும் செய்யாது. ஆனால் மாத்திரைக்குப் பின் இரத்தம் வரும், கலைந்துவிட்டது என்று நம்பிவிடுவோம். நான் பயப்படுவது இந்த நம்பிக்கைக்குத்தான்.

இப்போது ஊசி. மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். ஃபோலிக் அமிலத்தைச் செல்கள் பயன்படுத்தவிடாமல் தடுத்து, வேகமாகப் பெருகும் கருவின் திசுவை நிறுத்துகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தையும் செயற்கையாகத் தயாரித்தது, அதை முறியடிக்கும் மருந்துகளையும் உருவாக்கியது. அந்த வரிசையில் வந்ததுதான் இது. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் அதற்கு நேர் எதிரான ஊசியும் ஒரே இடத்து வேலை!

எல்லோருக்கும் இது ஒத்துவராது. குழாய் வெடித்திருக்கக் கூடாது, கடும் வலி இருக்கக் கூடாது, கருவில் இதயத் துடிப்பு தெரியக் கூடாது, திரட்சி 3.5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கல்லீரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள். இரத்தத்தில் இருக்கும் கர்ப்ப ஹார்மோனான பீட்டா ஹெச்.சி.ஜி.யின் அளவும் முக்கியம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின்படி 1,500-க்குக் கீழே என்றால் ஊசி. 1,500 முதல் 5,000 வரை இரண்டில் எதுவும். அதற்கு மேல் ஆபரேஷன். இந்த அளவு 1,000-க்குக் கீழே இருந்து, வலியும் இல்லாமல், தானாகவே இறங்கிக்கொண்டும் இருந்தால் மருந்தே இல்லாமல் கண்காணிக்கலாம் என்ற மூன்றாவது வழியும் உண்டு. என் தங்கைக்கு அது பொருந்தவில்லை.

சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களில் 100-க்கு 70 முதல் 95 பேர் வரை ஊசியிலேயே தப்பித்துவிடுகிறார்கள். மயக்க மருந்தில்லை, தையலில்லை. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஊசி போட்ட அன்று தங்கைக்கு பீட்டா ஹெச்.சி.ஜி. 1,180. நான்காம் நாள் ரிப்போர்ட்டில் 1,420. லேப் வாசலில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஏறியிருக்கிறதே" என்றாள். எனக்கும் கை உதறியது. நான்காம் நாள் ஏறுவது சகஜம் என்பதை யாரும் முன்கூட்டியே சொல்லியிருக்கவில்லை. பார்க்க வேண்டியது நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே 15 சதவீதமாவது இறங்குகிறதா என்பதைத்தான். ஏழாம் நாள் 1,090. அதன் பிறகு வாரம் ஒரு முறை கை நீட்டி, எண் அடியோடு மறைய ஆறு வாரம் ஆனது. இடையில் ஐந்தாம் நாள் இரவு வயிறு வலித்தது. கரு பிரியும் வலியா, குழாய் வெடிக்கும் வலியா? வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. ஆட்டோ பிடித்து ஓடினோம். ஊசிக்குப் பிறகு கட்டுப்பாடுகளும் உண்டு: ஃபோலிக் அமில மாத்திரை கூடாது, ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கூடாது, மூன்று மாதம் கருத்தரிக்கக் கூடாது.

ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி: வயிற்றில் சிறு துளைகள், ஓரிரு நாளில் வீடு. பிரச்சினை அன்றோடு முடிகிறது. விலை, ஒரு குழாய். "குழாயை எடுத்துவிட்டால் அப்புறம் குழந்தை எப்படி?" என்று தங்கையின் மாமியார் கேட்டார், தமிழ் வீடுகளில் முதலில் எழுவது இந்தக் கேள்விதான். குழாயைக் கீறிக் கருவை மட்டும் எடுப்பதையும், குழாயையே எடுப்பதையும் ஒப்பிட்டு 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மறுபக்கக் குழாய் நன்றாக இருந்த 446 பெண்கள். மூன்று ஆண்டுகளில் இயல்பாகக் கருத்தரித்துக் கர்ப்பம் நீடித்தவர்கள், குழாயைக் காப்பாற்றியவர்களில் 60.7 சதவீதம், எடுத்தவர்களில் 56.2 சதவீதம். புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. காப்பாற்றியவர்களில் 7 சதவீதத்தினருக்குத் திசு மிச்சமிருந்து மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது. எடுத்தவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மறு குழாய் ஏற்கெனவே பழுதாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

என்னைக் கேட்டால், இரண்டையும் பிரிப்பது தைரியமோ பயமோ அல்ல, தூரம். தங்கை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிடம். கூடவே நான் இருந்தேன். ஊசி சரியான முடிவு. அவள் வால்பாறையில் இருந்து, ராத்திரி வலிக்கு 40 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியிருந்தால், அதே எண்ணுக்கு நான் ஆபரேஷனைத்தான் சொல்லியிருப்பேன். செலவிலும் ஊசி மலிவு என்று நம்ப வேண்டாம்: வாராவாரம் இரத்தப் பரிசோதனை, நடுவில் ஸ்கேன், பலிக்காவிட்டால் அதற்கு மேல் ஆபரேஷன்.

ஒருமுறை இப்படி ஆனவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு மறுபடி ஆகலாம். அதனால் அடுத்த முறை கார்டில் கோடு விழுந்தால் ஆறாவது வாரமே ஸ்கேனுக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மூன்று மாதம் முடிந்த அன்று, ஃப்ரிட்ஜ் மேல் தூசி படிந்து கிடந்த ஃபோலிக் அமில அட்டையைத் தங்கை எடுத்துக் காலாவதித் தேதியைப் பார்த்தாள்.