ஜோக்கா, அதிரப்பள்ளியா?

அருவிக்குப் போகிறோம் என்றாலே துண்டு, எண்ணெய், மாற்றுத்துணி என்று மூட்டை கட்டுவது குற்றாலம் நமக்குப் பழக்கிவிட்டது. கர்நாடகத்தின் ஜோக்குக்கும் கேரளத்தின் அதிரப்பள்ளிக்கும் அந்த மூட்டை வேண்டாம். இரண்டிலுமே அருவியின் அடியில் தலையைக் காட்ட முடியாது. கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். குளித்தால்தான் திருப்தி என்பவர்கள் பேசாமல் தென்காசிக்கே போகலாம்.

உயரத்தில் போட்டியே கிடையாது. சிவமொக்கா மாவட்டத்தில் ஷராவதி ஆறு ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நான்காகப் பிரிந்து 830 அடி விழுகிறது. அதிரப்பள்ளி சுமார் 80 அடிதான். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ஜோக்கின் சிக்கல் தண்ணீர். அருவிக்கு ஆறேழு கிலோமீட்டர் மேலே லிங்கனமக்கி அணை இருக்கிறது. 1964-இல் கட்டி முடித்தது. ஆற்றின் பெரும்பகுதி அங்கிருந்தே மின்நிலையத்துக்குப் போய்விடுகிறது. ஏப்ரல், மேயில் போனால் கறுத்த பாறையில் நாலு வெள்ளை நூல் தொங்கும், அவ்வளவுதான். சரி, மழைக்காலத்தில் போகலாம் என்றால் ஜூலையில் வேறு தொல்லை. பள்ளத்தாக்கிலிருந்து பஞ்சுபஞ்சாக மூடுபனி ஏறி மொத்தத்தையும் மறைத்துவிடும். இரைச்சல் மட்டும் கேட்கும். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு குடையோடு நிற்கும் கூட்டம், திரை விலகி ராஜா தெரிந்ததும் ஒரே குரலில் கத்தும். போனை வெளியே எடுப்பதற்குள் மறுபடி மூடிக்கொள்ளும். எனக்கு இந்தக் கண்ணாமூச்சியே பிடித்திருந்தது. கூட வந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. மழை ஓய்ந்து, அணையும் நிறைந்திருக்கும் செப்டம்பர் கடைசி, அக்டோபர்தான் தோது. நம் பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறையும் அப்போதுதான் வருகிறது.

அதிரப்பள்ளி இவ்வளவு அலைக்கழிக்காது. சாலக்குடி ஆறு கோடையில் இளைத்தாலும் அருவி என்று சொல்லும்படி ஏதாவது விழும். மேலே பெரிங்கல்குத்து அணை உண்டு. அந்த ஆற்றுப்படுகையின் தண்ணீரில் ஒரு பங்கு பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்கு வருகிறது. ஆகவே அருவி இளைத்திருக்கிறது என்று குறைபட நமக்குக் கொஞ்சம் வாய் கூசும்.

அதிரப்பள்ளி ஜெயிப்பது நெருக்கத்தில். ஜோக்கை எதிர்க்கரையில் நின்றுதான் பார்க்கிறோம்; பிரம்மாண்டம், ஆனால் எட்டத்தில். இங்கே கல் பாவிய செங்குத்துப் பாதையில் இறங்கினால் அருவியின் காலடிக்கே போய்விடலாம். மூக்குக்கண்ணாடியில் சாரல் அப்பி ஒன்றும் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. 80 அடி என்று யாரும் அங்கே நின்று சொல்ல மாட்டார்கள். திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். ஜோக்கிலும் கீழே இறங்கச் சுமார் 1400 படிகள் உண்டு, மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள்.

வழியிலும் அதிரப்பள்ளிக்கே என் ஓட்டு. பொள்ளாச்சி, வால்பாறை, மளுக்கப்பாறை வழியாகக் காட்டுக்குள் இறங்கும் சாலைக்காகவே போகலாம். பகலில் மட்டும்தான் விடுவார்கள். யானை குறுக்கே நின்றால் அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டும். போகிற வழியிலேயே வாழச்சால் அருவியும் வந்துவிடும். ஜோக்குக்குப் பெங்களூரிலிருந்து இரவு ரயிலில் தாளகுப்பா, அங்கிருந்து ஆட்டோ.

மே மாதம்தான் லீவு கிடைக்கும் என்றால் யோசிக்காமல் அதிரப்பள்ளி. அக்டோபரில் நாலு நாள் ஒதுக்க முடிந்தால் ஜோக். முழங்கால் வலியுள்ள அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கும் ஜோக்தான். வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாலே முழு அருவியும் எதிரே தெரியும்.