999 சிசிக்கு இவ்வளவு பசியா?

"ஜிஎஸ்டிதான் குறைச்சுட்டாங்களே மாப்ள, உன் வண்டியையே நானும் எடுத்துரட்டுமா? சின்ன எஞ்சின், பெட்ரோலும் கம்மியாத்தானே குடிக்கும்?" தீபாவளிக்கு வந்த மச்சான் கேட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் இந்த 999 சிசி, மூணு சிலிண்டர் டர்போ காரை எடுத்தேன். இப்போது மீட்டரில் 61,000 கிலோமீட்டர்.

முதலில் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். ஃபுல் டேங்க் டூ ஃபுல் டேங்க் கணக்கில், ஏசியோடு கோவை டவுனுக்குள் லிட்டருக்கு 11 கிலோமீட்டர். சில மாதம் 10.5. டிஸ்பிளே மட்டும் கூசாமல் 12.8 காட்டும். இதற்கு முன் வைத்திருந்த டர்போ இல்லாத 1.2 லிட்டர், அதே காந்திபுரம் சிக்னல்களில் 13 கொடுத்தது. அது எடையும் குறைவு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெட்ரோல் செலவாவது சிசியைப் பார்த்து மட்டுமல்ல, உள்ளே போகும் காற்றைப் பார்த்து. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். டர்போ காற்றை அமுக்கித் திணிக்கிறது. அதற்கு ஈடாக இன்ஜெக்டரும் பெட்ரோலை ஊற்றுகிறது. டர்போ முழு அழுத்தத்தில் திணிக்கும்போது, அதாவது முழு பூஸ்ட்டில், என் ஒரு லிட்டர் எஞ்சின் சுவாசிப்பது ஒன்றரை லிட்டர் எஞ்சின் அளவுக்கு. ரொம்ப அழுத்தினால், சூட்டைத் தணிக்கவே கூடுதலாக ஊற்றும் எஞ்சின்களும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஐந்து பேரோடு ஏறினால் 9தான். ஜிஎஸ்டியில் சின்ன பெட்ரோல் கார் எது என்று பிரிக்கும் அந்த 1200 சிசி வரம்பு, வரி போடுகிறவர்கள் கிழித்த கோடு. பெட்ரோல் பங்கில் அதற்கு மதிப்பில்லை.

கம்பெனி போடும் மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் பூப்போல ஓட்டி எடுத்தது. நான் அப்படி ஓட்டுவதில்லை. இரண்டாயிரம் ஆர்பிஎம்மில் அது முதுகில் கைவைத்துத் தள்ளும்போது யார் ஓட்டுவார்?

ஆனால் அவினாசி தாண்டிச் சேலம் ரோட்டில் 85-இல் விட்டுப் பாருங்கள். டர்போ தூங்குகிறது. பெரிய எஞ்சின் அந்த வேகத்தில் காற்று நுழையும் கதவான த்ராட்டிலைப் பாதி மூடிக்கொண்டு, காற்றை இழுக்கவே சக்தியை வீணாக்கும். இந்தச் சின்னதுக்கு அந்த நஷ்டம் குறைவு. 19 வரும், ஒரு தடவை 20.3. நூறைத் தாண்டினால் காற்று எதிர்ப்பு எல்லாவற்றையும் தின்றுவிடும், 15க்கு வந்துவிடும்.

மச்சானுக்குத் தினம் வீட்டுக்கும் கடைக்குமாக ஆறு கிலோமீட்டர், ஒன்பது சிக்னல். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்போ உன்னுதை வித்துரு, நானே பார்ட்டி பிடிச்சுத் தர்றேன்" என்றார்.

சனிக்கிழமை சேலம் போகணும், அப்புறம் பேசலாம் என்றேன்.