மேசை ரன்னருக்கு உள்ளே எதை வைப்பது: பாலியஸ்டர் பஞ்சா, பழைய வேட்டியா?

பிட்டுத் துணிகளை இணைத்து மேசை ரன்னர் (மேசையின் நடுவே நீளவாக்கில் விரிக்கும் பட்டைத் துணி) தைக்கும்போது நம் கவனமெல்லாம் மேல்பக்கத்தில்தான் இருக்கும். மாம்பழ மஞ்சளுக்குப் பக்கத்தில் கரும்பச்சை வைக்கலாமா, பூப்போட்ட பட்டைக்கு அடுத்து கட்டம் போட்டது சரிவருமா என்று தரையெல்லாம் பரப்பி வைத்துப் பார்ப்போம். உள்ளே வைக்கும் அடுக்கு கடைசி நேரத்தில் நினைவுக்கு வரும். கடையில் என்ன கிடைக்கிறதோ அதை வைத்துத் தைத்துவிடுவோம். ஆனால் அந்த ரன்னர் மேசையில் எத்தனை வருடம் கிடக்கும் என்பது அந்த உள் அடுக்கைப் பொறுத்தது. நான் பாலியஸ்டரில் ஆரம்பித்து, இப்போது பழைய வேட்டிக்கு வந்து நின்றுவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

போட்டியில் இருப்பவை மூன்று. முதலாவது, மீட்டர் கணக்கில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட். மெத்தைக்கடையிலும் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். இரண்டாவது, குல்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பது) செய்பவர்களுக்காகவே வரும், பேட்டிங் எனப்படும் பருத்திப் பஞ்சு ஷீட். புதுச்சேரி கடைகளில் நான் பார்த்ததில்லை, ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். மூன்றாவது, வீட்டில் பீரோவுக்கு அடியில் கிடக்கும் வெளுத்துப்போன பருத்தி வேட்டி, இரண்டு அடுக்காக.

விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, வேட்டிக்குக் காசே கிடையாது. அழகில் பாலியஸ்டர்தான் முந்தும். தையல் ஓடும் இடம் பள்ளமாகவும் நடுவில் உப்பலாகவும் வந்து, பார்த்ததுமே குல்ட் என்று தெரியும். வேட்டி வைத்தது தட்டையாக இருக்கும். தொட்டுப் பார்த்தால் கனமான துணி என்று தோன்றுமே தவிர மெத்தென்று இராது. அந்த உப்பல்தான் வேண்டும் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை.

நான் மல்லுக்கு நிற்பது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: துவைப்பது.

மேசை ரன்னர் சுவரில் மாட்டுகிற பொருள் இல்லை. அதன் மேல் சாம்பார் சிந்தும், அப்பளத்து எண்ணெய் படும், மீன் குழம்புக் கிண்ணத்தின் அடி வட்டமாகப் பதியும். நம் வீடுகளில் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது அது துவைக்கப் போகும். மெஷின் இருக்கிற வீட்டிலும்கூட, கறை பட்டால் முதலில் துவைக்கிற கல்லில் வைத்து சோப்புப் போட்டுக் கசக்கி, முறுக்கிப் பிழிந்த பிறகுதான் மெஷினுக்குப் போகும். பாலியஸ்டர் ஷீட் என்பது நெய்த துணியில்லை. இழைகளைப் பரப்பி, பசையாலோ சூட்டாலோ ஒன்றோடொன்று பிடிக்க வைத்தது. ஒவ்வொரு முறுக்கலிலும் அந்தப் பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விடும். தையல் வரிகள் இடைவெளி விட்டுப் போயிருந்தால் உள்ளே பஞ்சு ஓர் இடத்தில் கட்டியாகச் சேர்ந்து, இன்னோர் இடத்தில் வெறுமையாகிவிடும். வெளியே எடுத்துச் சரிசெய்யவும் வழியில்லை. வேட்டி நெய்த துணி. கல்லில் அடித்தே பல வருடம் வாழ்ந்தது. அதை முறுக்குவதால் அதற்குப் புதிதாக எதுவும் ஆகிவிடாது.

எண்ணெய் விஷயம் இதைவிட முக்கியம். பாலியஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். மேல் துணியில் கறை போய்ச் சுத்தமாகத் தெரியும். உள்ளே இறங்கிய எண்ணெய் அப்படியே இருக்கும். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் வெயில் முகம் காட்டாவிட்டால் அந்தச் சிக்கு வாடை மேசையில் உட்காரும்போதே வரும். பருத்தியை வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து எடுக்கலாம். மேலே, உள்ளே, அடியில் மூன்றுமே பருத்தி என்றால் எந்தச் சூட்டுக்கும் பயப்பட வேண்டாம். இஸ்திரி போடும்போதும் அதே கதைதான். பருத்திப் பட்டைகளின் சுருக்கம் போக நல்ல சூடு வேண்டும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பாலியஸ்டர் அமுங்கித் தட்டையாகிவிடும். எந்த உப்பலுக்காக அதை வாங்கினோமோ அதுவே போய்விடும்.

மஞ்சள் கறைக்குத் தனி வைத்தியம் உண்டு. சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும், பயந்துவிடக் கூடாது. அலசி, ஈரத்தோடு நேர் வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். இதற்கு எந்த அடுக்கு என்ற பேதமில்லை. ஆனால் வெயிலில் அடிக்கடி கிடக்கப்போகிற பொருள் என்பதால், மெல்லியதாகவும் சீக்கிரம் காய்வதாகவும் இருப்பது நல்லது.

காய்வதில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மெஷினில் போட்டுச் சுற்றிப் பிழிந்தால் பாலியஸ்டர் வைத்த ரன்னர்தான் முதலில் காயும். மின்விசிறிக்குக் கீழே போட்டாலே போதும். வேட்டி இரண்டாவது. தடித்த பருத்தி பேட்டிங் கடைசி. கடலோரக் காற்றின் ஈரத்தில் அது மேலே காய்ந்தது போலிருக்கும், நடுவில் நசநசவென்றே இருக்கும். அப்படியே மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும், பூசணம் பிடித்த அந்தப் புள்ளி பிறகு போகவே போகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நனையும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. குளிர்ந்த, வறண்ட ஊர்களில் எழுதப்பட்ட குல்ட் புத்தகங்கள் பருத்தி பேட்டிங்கைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம், பேட்டிங்கோடு என் பழக்கம் குறைவு. மெல்லிய ரகம் கிடைத்தால் இந்தக் குறை அவ்வளவு இராது என்று நினைக்கிறேன்.

சுருங்குவதும் துவைப்போடு சேர்ந்ததுதான். புதிய பருத்தி பேட்டிங் முதல் துவைப்பில் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 72 அங்குல ரன்னரில் அது கிட்டத்தட்ட 3 அங்குலம். மேசையின் இரு முனையிலும் சமமாகத் தொங்க வேண்டும் என்று அளந்து தைத்தவர்களுக்கு அது உறுத்தும். அந்தச் சுருக்கத்தில் வரும் கசங்கல் அழகு பிடிக்கும் என்பவர்களும் உண்டு. வேட்டி சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்தது. சுருங்கப்போவது மேலே தைக்கும் புதுப் பிட்டுகள்தான். ஆகவே அவற்றைத் தைக்கும் முன்பே நனைத்தாக வேண்டும். சின்னப் பட்டைகளை அப்படியே அலசினால் நூல் பிரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி அலசுங்கள்.

பிட்டு கிடைப்பதற்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமே இல்லை. தெருமுனைத் தையல்காரரிடம் கேட்டால், “எடுத்துட்டுப் போங்கக்கா, எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகுது” என்று பை நிறையத் தருவார். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் கட்பீஸ் கிடைக்கும். கடலூர் பக்கத்தில் குறிஞ்சிப்பாடிக் கைத்தறி லுங்கித் துணி கிடைத்தால் விடாதீர்கள், கட்டங்கள் பட்டையாக வெட்டியதும் வேறொரு அழகுக்கு வந்துவிடும். புதுச்சேரியே துணியால் வளர்ந்த ஊர்தான். இங்கிருந்து நீலச் சாயமேற்றிய கினித் துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை கப்பலேறியது. 1898இல் தொடங்கி 2020இல் மூடிய ஏ.எஃப்.டி (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆலை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிறுவனம், தையலில் மிஞ்சிய துணியைக் கொண்டு மீனவப் பெண்களைச் சுனாமிகா பொம்மை செய்ய வைத்தது. வெட்டு மிச்சத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று இங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அந்தப் பையில் வருவதெல்லாம் பருத்தி இல்லை. ரவிக்கைப் பிட்டுகளில் பாதி கலப்புத் துணியாக இருக்கும். ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி நுனியில் கெட்டியான மணியாகும். வேட்டிக்கும் இதே சோதனை தேவை, ஏனென்றால் இப்போது விற்கும் வேட்டிகளிலும் கலப்பு நிறைய வருகிறது. பாலியஸ்டரைத் தவிர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வேட்டி வழியாக அதையே உள்ளே வைக்கக் கூடாது அல்லவா?

எல்லா வேட்டியும் உதவாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடத்தில் நைந்து ஊடாகத் தெரிந்தால் அந்தப் பகுதியை விலக்க வேண்டும். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள், அது விறைப்பாக நிற்கும், ஊசியையும் பதம் பார்க்கும். நாலு முழ வேட்டி சுமார் 2 மீட்டர் நீளம், 50 அங்குல அகலம் இருக்கும். அகலவாக்கில் மூன்றாக மடித்தால் ஒவ்வொரு மடிப்பும் 16 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். 14 அங்குல ரன்னருக்கு இரண்டு மடிப்பு உள் அடுக்கு, மூன்றாவது அடித்துணி. ஒரு வேட்டிக்கு ஒரு ரன்னர், கணக்கு அவ்வளவு கச்சிதமாக அமையும். ஜரிகை அகலமாக இருந்தால் மட்டும் அடித்துணிக்கு வேறு பார்க்க வேண்டிவரும்.

வேட்டியின் உண்மையான தொல்லை தையலின்போதுதான். வழவழப்பான மெல்லிய அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று நழுவும். மெஷினின் பாதம் மேல் அடுக்கை முன்னே தள்ளும், கீழே பல் அடி அடுக்கை இழுக்கும், முடிவில் ஓரத்தில் ஒரு சுருக்கு நிற்கும். பாலியஸ்டரில் இழைகள் துணியைப் பற்றிக்கொள்வதால் இந்த வம்பு குறைவு. இதற்கு என் வழி, மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் கச்சா தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போடுவது. நடுவில் ஆரம்பித்து ஓரத்தை நோக்கிப் போக வேண்டும், நான்கு விரல் இடைவெளி போதும். பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள், 14ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3. மேல் அடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் பாதத்தை மாட்டினால் இன்னும் எளிது என்று வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள்.

பட்டைகளை முதலில் இணைத்து முடித்துப் பிறகு குல்ட் செய்வதைவிட, நேராக அடுக்கின் மேலேயே தைத்துக்கொண்டு போவது வேட்டிக்குப் பொருந்துகிறது. இரண்டரை அங்குலப் பட்டையை நடுவில் நிமிர்த்தி வையுங்கள். அடுத்ததை அதன் மேல் முகத்தோடு முகம் கவிழ்த்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் எல்லா அடுக்கையும் சேர்த்து ஒரே தையல். திருப்பி, நகத்தால் அழுத்தி, அடுத்தது. நடுவிலிருந்து இரு பக்கமும் போனால் 72 அங்குலத்துக்கு 36 பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் தைத்தபின் 2 அங்குலம் தெரியும், அதாவது 2 அங்குலத்துக்கு ஒரு தையல் வரி. இவ்வளவு நெருக்கத்தில் எந்த உள் அடுக்கும் நகராது. ஆகவே மேலே நான் சொன்ன கட்டி கட்டும் குற்றச்சாட்டு, இந்த முறையில் தைத்த பாலியஸ்டருக்குப் பாதிதான் பொருந்தும். எண்ணெயும் வாடையும் பற்றிச் சொன்னது முழுக்கப் பொருந்தும். கருநீலம், கரும்பழுப்பு போன்ற அடர்நிறக் கைத்தறியில் ஊசித் துளை வழியாக வெள்ளை இழை பிதுங்கி மயிர் மயிராக நிற்பதும் பாலியஸ்டரில் மாறாத குறை.

வேட்டிப் பக்கமும் ஒரு ஆபத்து இருக்கிறது: சாயம். உள்ளேயும் அடியிலும் வெள்ளைத் துணி என்பதால், சிவப்புப் பட்டை கொஞ்சம் சாயம் விட்டாலும் அடித்துணியில் தெரிந்துவிடும். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள், ஏற்கெனவே சாயமேறி வந்த துணியில் அதனால் பெரிய பயன் இல்லை. தண்ணீர் தெளிவாக வரும்வரை தனியாக அலசுவதுதான் வழி. அலசிய ஈரத் துணியை வெள்ளைக் கைக்குட்டையில் சுருட்டி வைத்துப் பாருங்கள். கறை விழுந்தால் அந்தப் பிட்டு ரன்னருக்கு வேண்டாம், பைக்கோ தலையணைக்கோ போகட்டும்.

சூடான பாத்திரத்தை நேராக வைப்பதற்கு மூன்றில் எதுவுமே ஆகாது. பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும், அடுப்பிலிருந்து அப்படியே இறக்கிய காய்ந்த இரும்புத் தோசைக்கல் அந்தச் சூட்டை எட்டக்கூடும். இரண்டு அடுக்கு வேட்டி உருகாது, ஆனால் மேசையின் வார்னிஷைக் காப்பாற்றவும் செய்யாது. பிரிமணையைப் போட்டு அதன் மேல் வையுங்கள்.

விற்பதற்காகத் தைப்பவர்களுக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். சுற்றுலா வருபவர்கள் கடையில் முதலில் செய்வது கையால் அழுத்திப் பார்ப்பது. உப்பலாக இருப்பது கையில் நிற்கும், தட்டையானது “வெறும் துணிதானே” என்று கீழே வைக்கப்படும். விற்பனையில் எனக்கு அனுபவம் கொஞ்சம்தான், அதையும் தெரிந்தவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். கொலு, கிறிஸ்துமஸ் என்று வருடத்தில் சில நாள் மட்டும் விரிக்கிற அலங்கார ரன்னருக்கும் பாலியஸ்டர் தாராளமாகப் போதும். அதன் மேல் யாரும் சாப்பிடப்போவதில்லை. தினமும் சோறு பரிமாறுகிற மேசை என்றால், மெல்லிய ஷீட்டாகப் பார்த்து வாங்கியிருந்தாலும்கூட அதைத் தலையணைக்கு ஒதுக்கிவிட்டு, அப்பாவிடமோ மாமாவிடமோ பழைய வேட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். வேட்டி கிடைக்காத வீட்டில் பழைய பருத்திப் புடவையின் உடல் பகுதியும் அதே வேலையைச் செய்யும். வெளிர் நிறமாகப் பார்த்து எடுத்தால், மேலே வெள்ளைப் பட்டை வரும் இடத்தில் உள் நிறம் தெரியாது.