ஆரல்வாய்மொழிக்காரன் போட்ட மழைநீர் டேங்க்: பில்டர் அருமை, முதல் மழை பைப்புதான் காமெடி

குமரி மாவட்டத்தில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்பவர்கள் தோவாளை தாண்டி எங்க பக்கம் ஒரு தடவை வந்து பார்க்கலாம். பேப்பரில் அணை நிலவரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், 48 அடி பேச்சிப்பாறையும் 77 அடி பெருஞ்சாணியும் நிறைந்து நிற்கும்போதும் எங்க பக்கத்து 42.65 அடி பொய்கை அணை பல சமயம் அடிமட்டத்தில்தான் கிடக்கும். அதனால் மட்டுப்பாவில், அதாவது மொட்டை மாடியில், விழுகிற மழையைப் பிடித்து வைக்க 3000 லிட்டர் டேங்க், பில்டர், பைப்பு எல்லாம் சேர்ந்த செட் ஒன்றை வாங்கினோம். கடை பேர் வேண்டாம், விடுங்கள்.

டேங்க் கெட்டியான கறுப்பு, வெளிச்சம் புகாது, பாசி பிடிக்கவில்லை. பில்டரில் ஜல்லி, மணல், கரி அடுக்கடுக்காக இருக்கிறது, மூடியைத் திறந்து வீட்டிலேயே கழுவிக்கொள்ளலாம். எங்க போர் தண்ணீரில் வேகாத பருப்பு இதில் சீக்கிரம் வேகிறது. குடிக்க மட்டும் கொதிக்க வைத்துத்தான்.

இனி பைப்புக்கு வருவோம். "மொத அழுக்கு வெள்ளமெல்லாம் இதுல நின்னிரும் அண்ணாச்சி" என்று சொல்லி, பொருத்த வந்தவர் நாலு இஞ்ச் பைப்பை மூணு மீட்டருக்கு நட்டமாக நிறுத்தி அடியில் மூடி போட்டுவிட்டுப் போனார். அதில் சுமார் 24, 25 லிட்டர்தான் பிடிக்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்க மட்டுப்பா 1000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர், ஆக கால் மி.மீ. மழைக்கே பைப்பு நிறைந்து, மிச்ச அழுக்கு அப்படியே பில்டருக்குப் போகிறது. வேறு ஊரில் இது போதுமோ என்னவோ, ஆனி ஆடியில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே காற்று எங்க மாடியில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போகும். அதற்கப்புறம் பெய்கிற முதல் மழை கட்டன் சாயா நிறத்தில்தான் இறங்கும். கடைசியில் 200 லிட்டர் டிரம் ஒன்றை அந்தப் பைப்போடு சேர்க்கச் சொன்னேன், அதற்குத் தனிக் காசு. அடி மூடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தால் அடுத்த மழைக்குள் அது தானாக வடிந்திருக்கும், அதுவும் இல்லை, ஒவ்வொரு மழைக்கும் யாராவது போய்த் திறந்துவிட வேண்டும்.

ஓவர்ஃப்ளோ வாயில் கொசுவலையும் வைக்கவில்லை. டெங்கு காலத்தில் இதைக்கூடவா கேட்டு வாங்க வேண்டும்?

சாரலை நம்பி இதைப் போடாதீர்கள், இங்கே ஐப்பசி கார்த்திகை மழைதான் கணக்கு. சேதாரம் போக 40 மி.மீ. பெய்தாலே டேங்க் நிறைந்துவிடும், வழிகிறதைக் கிணற்றுக்குத் திருப்பிவிடுங்கள், அந்தப் பைப்புச் செலவு தகும்.

டேங்குக்கும் பில்டருக்கும் 4 ஸ்டார், பொருத்திய வேலைக்கு 2. ஆரல், தோவாளை, செண்பகராமன்புதூர் பக்கம் வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் டிரம்மையும் வலையையும் பில்லில் எழுத வையுங்கள்.