தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள்: ஆண்டிபட்டியை வைத்து ஒரு விமர்சனம்

இந்தியத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்கும் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கைகளுக்கு யாரும் விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. பொழுதுபோகாத நேரத்தில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது இவற்றைத்தான், அதனால் எழுதுகிறேன். 1951-52 தேர்தலில் இருந்து எல்லாமே பி.டி.எஃப். கோப்புகளாகக் கிடைக்கின்றன, காசு கிடையாது. ஒரு தொகுதியின் கதையை இதை வைத்து எந்த அளவுக்குத் தெரிந்துகொள்ள முடியும் என்று பார்க்க ஆண்டிபட்டியை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் இவ்வளவு திருப்பம் கண்ட தொகுதிகள் குறைவு.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சுருக்கப் பக்கம் உண்டு. வேட்புமனு போட்டவர்கள், நிராகரிக்கப்பட்டவர்கள், வாபஸ் வாங்கியவர்கள், களத்தில் நின்றவர்கள், டெபாசிட் இழந்தவர்கள், ஆண் பெண் என்று தனித்தனியாக. அப்புறம் வாக்காளர் எண்ணிக்கை, பதிவான வாக்கு, வாக்குச்சாவடிகள், வென்றவர், இரண்டாமிடம், வித்தியாசம். இன்னொரு பகுதியில் கடைசி சுயேச்சை வரைக்கும் எல்லார் பெயரும் வாக்கும். அவ்வளவுதான், ஒரு வரி விளக்கம்கூட இருக்காது. ஆனால் பின்னணி தெரிந்தவர்களுக்கு அந்த எண்கள் பேசும்.

2001 அறிக்கையில் ஆண்டிபட்டியின் சுருக்கப் பக்கத்தைத் திறந்து நிராகரிக்கப்பட்ட மனுக்கள் என்ற வரியில், பெண்கள் என்ற கட்டத்தைப் பாருங்கள். அந்த எண்ணுக்குள் ஜெயலலிதா இருக்கிறார். அந்தத் தேர்தலில் ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கு இடங்களில் மனு போட்டார், நான்கும் தள்ளுபடி. ஆண்டிபட்டியில் வென்றது அ.தி.மு.க.வின் தங்க தமிழ்ச்செல்வன். எம்.எல்.ஏ. ஆகாமலே ஜெயலலிதா முதல்வராகப் பதவியேற்றார், செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பதவி போனது, பக்கத்துத் தொகுதியான பெரியகுளத்தின் எம்.எல்.ஏ. ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். போட்டியிடத் தடையாக இருந்த டான்சி வழக்கில் (டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கு) விடுதலை கிடைத்ததும் தமிழ்ச்செல்வன் இடத்தைக் காலிசெய்து கொடுக்க, 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஆண்டிபட்டியில் வென்று மார்ச்சில் ஜெயலலிதா மறுபடி முதல்வர். மாநில அரசியலே ஒரு வருஷம் இந்தத் தொகுதியைச் சுற்றித்தான் ஓடியது.

என் பெரிய குறையும் இங்கேதான் வருகிறது. பொதுத்தேர்தல் அறிக்கைகளில் இடைத்தேர்தல் வராது. 2001 அறிக்கையில் தமிழ்ச்செல்வன், 2006 அறிக்கையில் ஜெயலலிதா. நடுவில் நடந்தது எதுவும் அதில் இல்லை. இதையே 2016க்கும் 2021க்கும் இடையில் பாருங்கள். 2016இல் தமிழ்ச்செல்வன் மறுபடி வென்றார், 2017இல் சபாநாயகர் தனபால் தகுதிநீக்கம் செய்த 18 பேரில் அவரும் ஒருவர். 2019 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து நடந்த இடைத்தேர்தலில் தி.மு.க.வின் மகாராஜனும் அ.தி.மு.க.வின் லோகிராஜனும் மோதினார்கள், இருவரும் கூடப்பிறந்தவர்கள். மகாராஜன் வென்றார். 2021 அறிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அவர் அந்தத் தேர்தலில்தான் முதல்முறையாக ஜெயித்தது போலத் தோன்றும். இடைத்தேர்தல் முடிவுகளைத் தனியாகத் தேடி எடுத்து, தேதி வாரியாக நீங்களே நடுவில் செருகிக்கொள்ள வேண்டும். எந்தத் தொகுதியைப் படித்தாலும் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பழைய அறிக்கைகள் இன்னும் சுவாரசியம். 1980இல் ஆண்டிபட்டியின் வெற்றியாளர் நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன். 1962இல் தேனியில் தி.மு.க. சார்பில் வென்ற அதே எஸ்.எஸ்.ஆர்., இந்த முறை அ.தி.மு.க. 1984இல் எம்.ஜி.ஆர்., அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஜெயித்தார். அறிக்கையில் அது மற்ற தொகுதிகளைப் போல வெறும் ஒரு வரி.

எனக்கு மிகவும் பிடித்தது 1989. எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி இரண்டாக உடைந்து, சேவல் சின்னம் ஒரு பக்கம், இரட்டைப் புறா சின்னம் ஒரு பக்கம். அந்தக் கால அறிக்கைகள் அ.தி.மு.க.வை ஏ.டி.கே. என்றுதான் சுருக்கும்; அந்த வருஷம் மட்டும் அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஜே.எல்., ஜே.ஆர். என்று இரண்டு கட்சிகள். ஜே.எல். என்றால் ஜெயலலிதா, ஜே.ஆர். என்றால் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி ராமச்சந்திரன். ஜானகி, கணவர் கடைசியாக வென்ற ஆண்டிபட்டியிலேயே நின்றார், தோற்றார், வென்றது தி.மு.க.வின் ஆசையன். பக்கத்தில் இருக்கும் போடிநாயக்கனூரில் ஜெயலலிதா வென்றார். ஒரு கட்சியின் எதிர்காலம் எந்தப் பக்கம் போகப்போகிறது என்பதை இந்த இரண்டு தொகுதிகளின் பக்கங்களை அடுத்தடுத்து வைத்தாலே பார்க்கலாம்.

வேறு சில விஷயங்கள். பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஒரே ஆளின் இனிஷியலும் எழுத்தும் அறிக்கைக்கு அறிக்கை மாறும், அதனால் கணினியில் பெயரைப் போட்டுத் தேடுவதைவிடத் தொகுதியைப் பிடித்துக் கண்ணால் படிப்பதே நல்லது. எல்லை மாற்றமும் அறிக்கையில் இருக்காது. 2008 மறுவரையறையில் தேனி என்ற சட்டமன்றத் தொகுதியே போய்விட்டது, பெரியகுளம் தனித்தொகுதியானது. ஆக 2006 வாக்கையும் 2011 வாக்கையும் நேரடியாக ஒப்பிட்டு "இத்தனை சதவீதம் சரிந்தது" என்று சொல்வது சரியில்லை, தொலைக்காட்சியில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். எந்த ஊர் எங்கே போனது என்பதற்கு மறுவரையறை ஆணையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வாக்குச்சாவடி வாரியாக வேண்டுமென்றால் இது போதாது, தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் இருக்கும் படிவம் 20ஐ எடுங்கள். ஊர் ஊராக யாருக்கு எவ்வளவு என்பது அதில்தான்.

1996 அறிக்கையைத் திறப்பவர்கள் மொடக்குறிச்சியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே தொகுதியில் 1033 வேட்பாளர்கள், பக்கம் பக்கமாகப் போகும். அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய், அந்த ஆண்டே அதை 5,000 ஆக்கினார்கள், இப்போது 10,000.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். இடைத்தேர்தல்களையும் அதே வடிவத்தில் சேர்த்து, பெயர்களைத் தமிழிலும் போட்டால் அந்த ஒன்றையும் கொடுத்துவிடலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் 1951இல் இருந்து வரிசையாகப் போக வேண்டாம், அலுத்துவிடும். சொந்தத் தொகுதியின் 1989 பக்கத்தை முதலில் எடுங்கள். தி.மு.க., காங்கிரஸ், இரண்டு அ.தி.மு.க. என்று ஓட்டு எப்படி நான்காகப் பிரிந்தது என்பது அதில் நன்றாகத் தெரியும்.